பாதம் ஒன்று, பொருள் பல!



ஆங்கிலத்தில் 'ஃபுட்' என்றால் பாதம். (சாப்பாடு இல்லை! அது நெடில், 'ஃபூட்'. இது குறில்.) இதைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் அகராதியைத் திறந்தால் இந்த ஒரு சொல்லுக்கு எத்தனையோ பொருள் போட்டிருக்கிறது. புதுச்சேரியில் என் பெரியம்மா மகள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாங்க. "பிரெஞ்சில் பாதத்துக்கு என்னக்கா?" என்று கேட்டேன். "பியே. அதுவும் இப்படித்தான், ஒண்ணுக்குள்ளே ஒன்பது பொருள்" என்றாங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. உடம்பில்

நாம் "கால் வலிக்குது" என்று சொன்னால் முழங்காலா, பாதமா என்று அம்மா திரும்பக் கேட்பாங்க. ஆங்கிலத்தில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. கணுக்காலுக்கு மேலே 'லெக்', கீழே 'ஃபுட்'. பிரெஞ்சிலும் மேலே 'ஜாம்ப்', கீழே 'பியே'.

2. கீழே இருப்பதும் பாதம்தான்

பாதம் உடம்பின் அடியில் இருக்கிறது. அதனால் மலையின் அடிவாரம் ஆங்கிலத்தில் மலையின் ஃபுட், பிரெஞ்சில் மலையின் பியே. கட்டிலில் நாம் கால்மாடு என்று சொல்லும் பக்கத்துக்கும் இரண்டு மொழியிலும் இதே சொல்தான். புத்தகத்தில் பக்கத்தின் கீழே வரும் குறிப்பு 'ஃபுட்நோட்'. தமிழிலும் அதற்கு அடிக்குறிப்பு என்றுதானே பெயர்!

3. இங்கே வழி பிரிகிறது

நாற்காலிக்கு ஆங்கிலத்தில் 'லெக்'. பிரெஞ்சுக்காரர்களுக்கோ அது 'பியே'. "ஒரு பியே தக்காளி" என்றால் ஒரு தக்காளிச் செடி. காளானின் தண்டும் பியே. தண்ணீரில் நிற்கும்போது கால் தரையில் எட்டினால் "பியே இருக்கிறது" என்பார்கள். எட்டாமல் போனால் "பியே போச்சு". கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்!

ஆங்கிலத்தில் பில்லை 'ஃபுட்' செய்வது என்றால் பணம் கட்டுவது. பில்லின் அடியில்தானே கூட்டுத்தொகை இருக்கும்? பிரெஞ்சில் ஒருவரின் பாதத்தை உடைப்பது என்றால் தொந்தரவு செய்து அலுப்பூட்டுவது. நாம் "அறுக்கிறான்" என்று சொல்கிறோமே, அது மாதிரி. இரண்டிலும் ரத்தம் வராது!

4. நெப்போலியனைக் குள்ளமாக்கிய பாதம்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாதம் நீளத்தை அளக்கும் அளவும் ஆயிற்று. ஆங்கிலத்தில் ஃபுட், பிரெஞ்சில் பியே, தமிழில் அடி. மூன்றும் ஒன்று என்று தோன்றும். ஆனால் ஆங்கில அடி 30.48 செ.மீ. பழைய பாரிஸ் அடி 32.48 செ.மீ. ஓர் அடிக்கு 2 செ.மீ. வித்தியாசம். 100 அடிக்குக் கணக்குப் போட்டால் 2 மீட்டர்!

1821-ல் நெப்போலியன் இறந்தபோது அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் சொச்சம் என்று குறிக்கப்பட்டது. அது பிரெஞ்சு அடி, பிரெஞ்சு அங்குலம். நம் கணக்கில் சுமார் 168 செ.மீ. அந்தக் காலத்தில் அது குள்ளம் இல்லை. அதையே ஆங்கில அடி என்று எடுத்துக்கொண்டால் சுமார் 157 செ.மீ.தான் வரும். ஏற்கெனவே ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர்கள் அவரைக் குட்டையாக வரைந்து வந்தார்கள். இந்தக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் பலர் அவரைக் குள்ளர் என்றே சொல்கிறார்கள். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் விட்டதால் ஒரு மனிதர் 10 செ.மீ. குறைந்துவிட்டார்!

ஊருக்கு ஊர் அளவு மாறியதால் சாதாரண மக்கள்தான் ஏமாந்தார்கள். அதனால் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1795-ல் அங்கே மீட்டரைச் சட்டமாக்கினார்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் வந்தது. ஆனாலும் வீட்டுமனையை நாம் சதுர அடியில்தான் பேசுகிறோம்.

5. செய்யுளிலும் பாதம்

ஆங்கிலக் கவிதையிலும் ஃபுட் உண்டு. அதை 'அடி' என்று எழுதினால் தப்பு. நம் அடி ஒரு முழு வரி. அவர்களின் ஃபுட் ஒரு வரிக்குள் வரும் துண்டு. ஏறக்குறைய நம் 'சீர்' மாதிரி.

இதனால் அறிவது என்ன?

ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை மனப்பாடம் செய்தால் போதாது. அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று பார்த்தால் பாதிப் பொருள் தானாகத் தெரிந்துவிடும். மலையோடு வந்தால் அடிவாரம், எண்ணோடு வந்தால் அளவு, பில்லோடு வந்தால் பணம். "இங்கிலீஷில் ஒரு வார்த்தைக்கு இத்தனை அர்த்தமா?" என்று பயப்பட வேண்டாம். நம் 'அடி'க்கு அதைவிட அதிகம். அதை யாரும் மனப்பாடம் செய்யவில்லையே, பேசிப் பேசித்தானே கற்றோம்!

யோசியுங்கள்: எந்த 'அடி'க்கு ஆங்கிலத்தில் ஃபுட் போடலாம்?

அ) மலையடியில் ஒரு கோயில்.
ஆ) வெயில் அடிக்குது.
இ) குறளுக்கு இரண்டு அடி.
ஈ) மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி.

(விடை: அ, ஈ)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி