சங்க மின்னஞ்சலை வழிமாற்றி அனுப்பும் முறை

கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் சொந்த டொமைன் பெயரில் பொது முகவரி வைத்திருப்பின், செயலாளர் மாறினும் அம்முகவரி மாறாது.

முதலில் டொமைனின் எம்.எக்ஸ். பதிவில், மடல்களை ஏற்கும் சர்வரின் பெயரைக் குறித்தல் வேண்டும். பின்னர் அச்சர்வரில், பொது முகவரிக்கு எதிரே செயலாளரின் முகவரியைப் பதிதல் வேண்டும்.

இதில் ஓர் இடர் உண்டு. மடலைக் கொணரும் சர்வர், அனுப்புநரின் டொமைன் அனுமதித்த பட்டியலில் உள்ளதா என்று எஸ்.பி.எஃப். சோதனை பார்க்கும். இடைநின்று அனுப்பும் சங்கத்தின் சர்வர் அப்பட்டியலில் இராது. ஆகவே நல்ல மடலும் தள்ளப்படலாம். உறையிலுள்ள அனுப்புநர் முகவரியைச் சங்கத்தின் டொமைனுக்கு மாற்றியெழுதும் எஸ்.ஆர்.எஸ். முறை இதனைத் தவிர்க்கும். மடலின் வாசகத்தைத் திருத்தலாகாது, திருத்தினால் டி.கே.ஐ.எம். கையொப்பம் செல்லாததாகும்.

வெளி முகவரியிலிருந்து சோதனை மடல் அனுப்பி, அது சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே பொது முகவரியை அறிவித்தல் நன்று.