கட்டுக்கம்பி தாங்குவது எதை?

கீழ்க்கட்டளை ஏரியை ஒட்டிய தெருக்களில் எந்த மாதம் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் தளம் போடும் வேலை நடந்துகொண்டிருக்கும். சென்ட்ரிங் பலகை மேல் குந்தி உட்கார்ந்து கம்பி கட்டுபவரின் கையைச் சற்று நேரம் பார்க்க வேண்டும். இடுப்பில் செருகிய கொத்திலிருந்து ஒரு சாண் நீளக் கட்டுக்கம்பியை உருவுகிறார். அது முன்பே இரண்டாக மடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் அடியில் விட்டு மேலே எடுத்து, மடிப்பில் கொக்கியை மாட்டி, மணிக்கட்டை இரண்டு மூன்று சுற்று சுழற்றுகிறார். முடிச்சு விழுந்துவிட்டது. குந்தியபடியே அடுத்த இடத்துக்கு நகர்கிறார்.

கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “நல்லா இறுக்கிக் கட்டுங்கண்ணே, பில்டிங் ஸ்ட்ராங்கா நிக்கணும்.”

அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் கட்டிடத்தின் பலத்துக்கும் முடிச்சின் இறுக்கத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 18 கேஜ் கட்டுக்கம்பியின் குறுக்களவு சுமார் 1.2 மில்லிமீட்டர். காய்ச்சி இளக்கிய மென்மையான கம்பி அது. ஓர் இழை ஏறத்தாழ 50 கிலோ இழுப்பில் அறுந்துவிடும். 16 மில்லிமீட்டர் எஃப்இ 500 தரக் கம்பி ஒன்றோ நிலைகுலையாமல் 10 டன் வரை இழுப்பைத் தாங்கும். அந்தப் பத்து டன்னைக் கட்டுக்கம்பி எப்படிப் பிடித்து நிறுத்த முடியும்? கம்பியைப் பிடிப்பது கான்கிரீட். கம்பியின் மேல் வரிவரியாக இருக்கும் புடைப்புகளில் கான்கிரீட் கவ்விக்கொள்வதால்தான் இரண்டும் ஒன்றாக வேலை செய்கின்றன. இந்தப் பிடிமானத்துக்காகவே 1884இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ரான்சம் சதுரக் கம்பியை முறுக்கிக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் நெடுங்காலம் புழங்கிய முறுக்குக் கம்பியும் அதே வழியில் வந்ததுதான்.

அப்படியானால் முடிச்சு எதற்கு? கம்பியை வரைபடம் சொன்ன இடத்திலேயே நிறுத்துவதற்கு. ஆட்கள் மேலே நடக்கும்போதும், கான்கிரீட் கொட்டும்போதும், வைப்ரேட்டர் அதிரும்போதும் கம்பி நகரக் கூடாது. மெட்ரோ வேலைக்காக மேடவாக்கம் பிரதான சாலையில் தூண்கள் எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆள் உயரத்தைத் தாண்டிய கம்பிக்கூடு, கான்கிரீட் உள்ளே இறங்கும்வரை உருக்குலையாமல் நிற்க வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு கட்டுக்கம்பிக்கு வேலை இல்லை.

இதைப் புரிந்துகொள்ளாததால் வருவது அடுத்த நம்பிக்கை: “லேப் கொஞ்சம் குறைஞ்சா என்ன, நாலு கட்டு சேர்த்துப் போட்டுடலாம்.” ஒரு கம்பி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடும் நீளம்தான் லேப். இழுவிசை ஒரு கம்பியிலிருந்து கான்கிரீட்டுக்குப் போய், அதன் வழியாக அடுத்த கம்பிக்குப் போகிறது. நீளம் குறைந்தால் பிடிமானம் குறையும். நாற்பது முடிச்சு போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

லேப் நீளம் கம்பிக் குறுக்களவைப் போல் ஐம்பது மடங்கு என்று மேஸ்திரிகள் வாய்ப்பாடாகச் சொல்லும் ‘அம்பது டயா’ கணக்கையும் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456 தரும் சூத்திரப்படி, பீமில் இழுப்பு வரும் இடத்தில், எஃப்இ 415 கம்பிக்கும் எம் 20 கான்கிரீட்டுக்கும் கம்பிக் குறுக்களவைப் போல் 47 மடங்கு நீளம் போதும். எஃப்இ 415 புழங்கிய காலத்துக்கு ஐம்பது சரியாகவே இருந்தது. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் எஃப்இ 500. அதே எம் 20 கான்கிரீட்டில் அதற்கு 57 மடங்கு வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 80 சென்டிமீட்டர் விட்டுப் பழகிய கை, 90 சென்டிமீட்டருக்கு மேல் விட வேண்டும் என்று அர்த்தம். கான்கிரீட்டை எம் 25 ஆக்கினால் 49 மடங்கு போதும், பழைய ஐம்பது மறுபடி பொருந்திவிடும். கம்பியின் தரம் மாறியதை எல்லோரும் கவனித்தார்கள். லேப் நீளமும் கூடவே மாற வேண்டும் என்பது பல இடங்களில் விட்டுப்போயிற்று.

எல்லாக் குறுக்கிலும் கட்ட வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு ஒவ்வொரு குறுக்கிலும் கட்டச் சொல்கிறது. அமெரிக்காவில் கம்பி நகராத அளவுக்குக் கட்டினால் போதும் என்பது நடைமுறை. ஒன்றுவிட்டு ஒன்று கட்டியதற்காக மட்டும் தளம் இடிந்துவிடாது. ஆனால் நம் ஊரில் கட்டிய வலையின் மேலேயே பாண்டு சுமந்து இருபது பேர் நடக்கிறார்கள், அதனால் எல்லா இடத்திலும் கட்டுவதே நல்லது.

உண்மையான ஆபத்து பால்கனியிலும் சன்ஷேடிலும்தான் இருக்கிறது. “கம்பி உள்ள இருக்குல்ல, மேல இருந்தா என்ன கீழ இருந்தா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு சுவர்மேல் உட்காரும் தளத்தின் நடுவில் இழுப்பு அடிப்பக்கம் வரும், அங்கே கம்பி கீழே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டும் பால்கனியிலோ இழுப்பு மேல்பக்கம் வரும், கம்பியும் மேலேதான் இருந்தாக வேண்டும். 150 மில்லிமீட்டர் கனமுள்ள பால்கனியில் 10 மில்லிமீட்டர் கம்பியை, அதற்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கு விட்டு வைத்தால், அடிப்பரப்பிலிருந்து கம்பி நடுவுக்கு 125 மில்லிமீட்டர் இருக்கும். கான்கிரீட் போடும்போது நாலு பேர் மிதித்து அது 50 மில்லிமீட்டர் இறங்கினால் மிஞ்சுவது 75. அதே கம்பி, அதே சிமென்ட், அதே கூலி. தாங்கும் திறனில் ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சுவரோடு பால்கனி சேரும் இடத்தில், மேல்பக்கம் விரிசல் விடும்போதுதான் தெரியவரும். இதைத் தடுக்கக் கம்பியை வளைத்துச் செய்யும் ‘சேர்’ போதும். மேல்வலைக்கு அடியில் சுமார் ஒரு மீட்டருக்கு ஒன்று நிறுத்தி, வலையோடு கட்டிவிட்டால் மிதித்தாலும் இறங்காது.

அடிக்கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தக் கவர் பிளாக் வேண்டும். ஜல்லித் துண்டு உருண்டுவிடும், செங்கல் துண்டு தண்ணீரை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுபோகும். “கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால தூக்கி விட்டுடுவோம்” என்பதை நம்பவே கூடாது. தூக்கிய கம்பி, கையை எடுத்ததும் தன் எடையில் இறங்கிவிடும். சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் மூடாக்கு கேட்கும் ஐஎஸ் 456, கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று நேராகப் படாத பரப்புக்கே 30 கேட்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளிருந்து தள்ளிச் சீலிங்கைப் பெயர்ப்பது அதுதான். முடிச்சின் முறுக்கிய வால் மூடாக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் துருவுக்கு வழி திறக்கும். அதை உள்பக்கம் மடக்கி விடுவது நல்ல ஃபிட்டரின் பழக்கம்.

லேசாகச் செம்மண் நிறம் ஏறிய கம்பியைப் பார்த்துப் பதற வேண்டாம். உதிராத துரு பிடிமானத்தைக் கெடுக்காது, செதில் செதிலாக உதிர்ந்தால் மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி பரப்பிய பிறகு, அதன்மேல் படும்படி பலகைக்கு எண்ணெய் பூசுவதுதான் பிடிமானத்துக்குக் கெடுதல்.

“கட்டுறதைவிட வெல்டிங் வெச்சா ஒசத்தி” என்பதும் தவறு. டிஎம்டி கம்பியின் பலம் திடீரெனக் குளிர்வித்த அதன் மேல்தோலில் இருக்கிறது. பொட்டு வெல்டிங்கின் சூடு அந்த இடத்தில் கம்பியின் குணத்தையே மாற்றிவிடும். பொறியாளர் அனுமதி இல்லாமல் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் கான்கிரீட் விதிநூல் ஏசிஐ 318.

தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பற்றியும், பூகம்பத்தை மனத்தில் வைத்து, சொல்ல வேண்டும். சென்னையில் பூகம்பமா என்று கேட்பவர்களுக்கு, 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் உண்டான அதிர்வு இங்கேயும் உணரப்பட்டது நினைவிருக்கலாம். 2002இல் சென்னை மூன்றாம் நில அதிர்வு மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அந்த மண்டலத்துக் கட்டிடங்களுக்கு, பூகம்பத்துக்கான விதிநூல் ஐஎஸ் 13920 பொருந்தும். அதன்படி ரிங்கின் முனை 135 பாகை வளைந்து, தூணின் உள்வயிற்றுக்குள் குறைந்தது 65 மில்லிமீட்டர் நுழைய வேண்டும். 90 பாகையில் மடக்கிய ரிங், மூடாக்குக் கான்கிரீட் உதிர்ந்ததும் வாயைத் திறந்துவிடும். அதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிப் பயனில்லை.

கம்பி கட்டும் குழு தளம் போடுவதற்கு முந்தின நாளே கணக்கு முடித்துக் கிளம்பிவிடுவது இங்கே வழக்கம். அவர்களில் ஒருவருக்கு மறுநாள் கூலியும் பேசி, கான்கிரீட் போட்டு முடியும்வரை, அவிழ்ந்ததை மறுபடி கட்டுவதற்காக, கையில் கொக்கியோடு பால்கனிப் பக்கம் நிற்கச் சொல்ல வேண்டும்.