கடைக்கு ஒரு விலைப்பக்கம்: 'கோ' மொழியில் முதல் பாடம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் படித்திருக்கிறார்கள். அவர்களுக்காகவும், இந்த வயதிலும் கற்க நினைக்கும் என் போன்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

காலையில் மொத்தக் கடையில் போன் ஓய்வதில்லை. "அண்ணாச்சி, துவரம்பருப்பு இன்னைக்கு என்ன விலை?" என்று ஆளாளுக்கு ஒரே கேள்வி. அன்றைய விலையைச் சில்லறைக் கடைக்காரர் தம் செல்போனிலேயே பார்க்கும்படி ஒரு பக்கம் அமைப்பதுதான் நம் பாடம்.

இதற்குக் கூகுள் நிறுவனம் 2009ல் வெளியிட்ட 'கோ' என்ற இலவச நிரல்மொழி ஏற்றது. மொழியோடு சேர்ந்தே 'ஸ்டாண்டர்டு லைப்ரரி' வருகிறது. லைப்ரரி என்றதும் புத்தகசாலை என்று எண்ண வேண்டாம். ஆயத்த நிரல்கள் அடுக்கிய கிடங்கு அது. கிடங்கில் இருப்பதை வெளியில் வாங்குவானேன்? 2016 மார்ச்சில் ஒருவர் தாம் எழுதிய 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்களைத் தயாரிக்க முடியாமல் போயிற்று. 'கோ'வின் முதல் பதிப்பு 2012ல் வந்தபோதே, அதில் எழுதியது பின்னாளிலும் ஓடும் என்று உறுதி கொடுத்துவிட்டார்கள்.

வாசலில் நின்று பதில் சொல்லும் ஆள் 'நெட்/எச்டிடிபி'. விலையைப் பார்க்க வந்தவரையும் மாற்ற வந்தவரையும் அது ஒரே வரியில் பிரித்தறியும். இந்த வசதி 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலிருந்து உண்டு. பழைய பாடங்களில் இராது.

'எச்டிஎம்எல்/டெம்ப்ளேட்' என்பது அச்சடித்த பில் புத்தகம். காலியிடத்தில் சரக்கின் பெயரும் விலையும் ஏறும். பெயர் எழுதும் இடத்தில் ஒரு விஷமி நிரலை எழுதினாலும், அதை வெறும் எழுத்தாக்கிக் காட்டிவிடும். 'டெக்ஸ்ட்/டெம்ப்ளேட்' என்றும் ஒன்று உண்டு. பார்வைக்கு அண்ணன் தம்பிதான், ஆனால் இந்தக் காவல் அதில் கிடையாது. பெயரைப் பார்த்து எடுங்கள்.

விலைகளை எக்செலில் எழுதி சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், படிக்க 'என்கோடிங்/சிஎஸ்வி' இருக்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவரையும் 'கோ' தனித்தனியே, ஒரே நேரத்தில் கவனிக்கும். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் சேர்ந்து எழுதினால் என்ன ஆகும்? 'மியூடெக்ஸ்' என்ற பூட்டைப் போடுங்கள். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் எழுத முடியும்.

முடித்ததும் எல்லாம் ஒரே கோப்பாகத் தயாராகும். முதலில் கடை வைஃபையில் ஓட்டிப் பாருங்கள். வெளியூர்க் கடைகளும் பார்க்க வேண்டுமானால் சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும். பிற்பாடு டேட்டாபேஸ் தேவைப்பட்டால், அதற்குரிய டிரைவர் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கும்.

பத்துச் சரக்கு, பத்து விலையோடு ஆரம்பியுங்கள். விலை மாற்றும் பக்கம் கடைக் கம்ப்யூட்டரோடு நிற்கட்டும். பற்று வரவுக் கணக்கை மட்டும், கடவுச்சொல் வைத்துக் காக்கும் பாடம் படிக்கும் வரை ஏற்றாதீர்கள். தம் பாக்கி அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால், எந்த வாடிக்கையாளரும் மறுபடி நம் படி ஏற மாட்டார்.