மருந்து குணம் தருகிறது என்பதை அறிவது எப்படி?

ஒருவர் நோயில் படுத்துவிட்டால் அவருக்கு மருந்து சொல்லாதவர் ஊரில் யாரும் இரார். ஒருவர் கஷாயம் என்பார். ஒருவர் இன்ன டாக்டரிடம் போ என்பார். வேறொருவர் ஊரிலிருந்து தருவித்த சூரணத்தைக் கையிலேயே கொடுத்துவிடுவார். "எங்கள் மாமாவுக்கு இதில்தான் கேட்டது" என்பதே எல்லாருடைய சாட்சியமும். அவர்கள் பொய் சொல்லவில்லை, அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மாமாவுக்குச் சுகமானது அந்த மருந்தினால்தானா என்று கேட்பவர் குறைவு.

இக்கேள்விக்கு நேர்மையாக விடை காணும் வழி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிகளில் அதைக் கிளினிக்கல் டிரயல் என்பார்கள். நாம் அதை மருந்துப் பரீட்சை என்று சொல்லலாம். நம்மவர்களில் யாரையேனும் டாக்டர் அழைத்து, "இப்படியொரு பரீட்சை நடக்கிறது, சேருகிறீர்களா?" என்று கேட்கக்கூடிய காலம் இது. ஆகவே அதன் விவரத்தை நமக்கு எட்டிய அளவில் இங்கு எழுதுகிறோம். நாம் வைத்தியரல்லர்; மளிகைக் கடை வைத்திருப்பவர். ஆயினும் இதை விளக்குவதற்கேற்ற வரலாறு ஒன்று அரிசி மூட்டையைப் பற்றியதாக இருப்பதால் எழுதத் துணிந்தோம்.

ஒருவர் அனுபவம் ஏன் போதாது?

முதலாவது, பல நோய்கள் தாமாகவே தணியக்கூடியவை. மூன்று நாள் காய்ச்சலுக்கு மூன்றாம் நாள் கஷாயம் குடித்தால், நாலாம் நாள் பெயர் கஷாயத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, மனிதன் நோய் மிகவும் முற்றியிருக்கும் நேரத்தில்தான் மருந்தைத் தேடுகிறான். ஏறியது இறங்குவது இயற்கை. அந்த இறக்கத்தையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மூன்றாவது, சுகமானவர்தான் வந்து சொல்வார். சுகமாகாதவர் வாய் திறப்பதில்லை; சிலர் சொல்ல உயிரோடும் இருப்பதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டைக் கொண்டு இலாபம் சொல்ல முடியுமா?

நம் கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் சர்க்கரை நோய்க்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன சாற்றை ஆறு மாதம் குடித்தார். காலில் வந்த புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்கும்படி ஆயிற்று. "தம்பி, என் மச்சானுக்குக் கேட்டதே!" என்றுதான் அப்போதும் சொன்னார். மச்சானுடைய நோய் எப்படிப்பட்டது, அவர் மாத்திரையையும் சேர்த்து உண்டாரா என்பதையெல்லாம் இவர் விசாரிக்கவில்லை.

கோலாலம்பூரில் நடந்தது

பெரிபெரி என்னும் நோயை இன்றைய வாலிபர் அறியமாட்டார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தளரும், முற்றினால் இருதயம் பலமிழந்து ஆள் போய்விடுவார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் இந்நோய் ஏராளமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களையே இது அதிகம் வாட்டியது.

நெகிரி செம்பிலானில் சர்க்கார் டாக்டராயிருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனர்களுக்கு நோய் வருகிறது. புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கோ அரிதாயிருக்கிறது. எனவே குற்றம் அரிசியில்தான் என்றார். கேட்டவர் பலர் ஒப்பவில்லை. ஏனென்றால் சீனருக்கும் தமிழருக்கும் அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, வீடு வேறு, குழம்பும் கறியும் வேறு. இவற்றில் எது காரணம் என்று யார் கண்டது?

கோலாலம்பூரில் அப்போது மனநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கும் பெரிபெரி புகுந்து பலரை மாய்த்தது. வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அங்கிருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணிவந்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கும் போனார்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கட்டடங்கள். மற்றச் சாப்பாடும் ஒன்றே. கிழக்கில் சயாமிலிருந்து வந்த பச்சரிசிச் சோறு; மேற்கில் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. இது ஒன்றே வித்தியாசம்.

ஒரு வருஷம் கழித்து, இடையில் வந்து சேர்ந்தவர்களையும் கூட்டிக் கணக்குப் பார்த்தார். பச்சரிசி உண்டவர் 120 பேர். பலருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர் 123 பேர், அவர்களில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது, அவ்விருவரும் அதை வரும்போதே கொண்டுவந்தவர்கள், இறந்தவர் ஒருவருமில்லை. 1907இல் இது லண்டன் வைத்தியப் பத்திரிகையான லான்செட்டில் வெளிவந்தது.

அரிசியில் நஞ்சு உள்ளதா, ஏதேனும் சத்துக் குறைவா என்று பிளெட்சருக்கே அப்போது தெரியாது. தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 என்ற சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1926இல்தான். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது. காரணம் தெரியாத காலத்திலேயே, எந்த அரிசி உயிரைக் காக்கும் என்பதை அந்தப் பரீட்சை காட்டிவிட்டது.

தராசுத் தட்டுகளைச் சரிபார்த்தல்

எடை போடுமுன் தராசின் வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பது கடைக்காரர் கடமை. தட்டு முன்பே சாய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல படிக்கல்லைப் போட்டாலும் எடை பொய்தான். பிளெட்சர் செய்தது அதுவே. இரு பக்கத்தாரையும் முதலில் சமமாக்கினார். பிறகு ஒன்றை மட்டும் மாற்றினார். பிறகு இறந்தவர், பிழைத்தவர் எல்லாரையும் எண்ணினார்.

இரு சாராரை ஒப்பிடுவது பழைய வழிதான். பக்தாதில் ஆஸ்பத்திரி நடத்தி, கி.பி. 925 வாக்கில் காலமான ஹகீம் அபூபக்கர் அர்ராஸீ, மூளைச்சவ்வு வீங்கும் நோயில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்தும், மறு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இரத்தம் எடுத்தவர்கள் பிழைத்தார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய வைத்தியம் அந்நோய்க்கு அதை ஏற்பதில்லை. ஆகவே ஒப்பிட்டால் மட்டும் போதாது. பிரிப்பதும் நேர்மையாக இருக்கவேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டரே தேர்ந்தால், பிழைக்கக்கூடியவரை அவரறியாமலே மனம் ஒரு பக்கம் சேர்த்துவிடும்.

இதற்காகவே 1948இல் முடிவு வெளியான இங்கிலாந்துக் காசநோய்ப் பரீட்சையில் குலுக்கல் முறையில் சீட்டுகளை ஒட்டிய உறைக்குள் வைத்தார்கள். உறையைத் திறக்கும்வரை யாருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி என்று டாக்டருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர்.

பரீட்சை நம் பிடிவாதங்களையும் உடைக்கும். காசநோயாளிக்கு நல்ல காற்றும், முட்டையும் பாலும், ஆஸ்பத்திரிப் படுக்கையும் இல்லாவிட்டால் குணமில்லை என்று உலகமே நம்பியிருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய பரீட்சையில், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மறு பாதியினரை நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருக்கவிட்டும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர். வீட்டாருக்குத் தொற்று கூடுதலாகவும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்தபின், படுக்கை கிடைக்காத இலட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை என்னும் வழி திறந்தது.

நமக்கு என்ன ஆகும் என்று சொல்லமுடியுமா?

இங்கே நன்றாக நிதானிக்க வேண்டும். 2020இல் கொரோனா நோய்க்கு இங்கிலாந்தில் பெரியதொரு பரீட்சை நடந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தை ஒரு சாராருக்குக் கொடுத்தார்கள். மூச்சு இயந்திரத்தில் இருந்தவர்களில், மருந்து பெறாதவர் 100க்கு 41 பேர் வீதம் 28 நாளுக்குள் இறந்தனர். மருந்து பெற்றவர் 100க்கு 29 பேர் வீதம் இறந்தனர். அதாவது 100 பேரில் 12 உயிர் மிச்சம்.

இந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 59 பேர் மருந்தில்லாமலே பிழைத்திருப்பார்கள். 29 பேரை மருந்தும் காக்கவில்லை. நடுவிலுள்ள 12 பேரே அதனால் பிழைத்தவர்கள். அந்தப் 12 பேர் யார் யார் என்று எந்த டாக்டராலும் விரல் நீட்டிக் காட்ட இயலாது. பரீட்சை கூட்டத்தின் கணக்கைச் சொல்லும். தனி மனிதரின் முடிவைச் சொல்லாது. ஆகவே "நூற்றுக்கு எழுபது" என்று டாக்டர் சொன்னால், அது வாக்குறுதியுமன்று, மரண ஓலையுமன்று.

அதே பரீட்சையில் இன்னொன்றும் தெரிந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அம்மருந்தினால் நன்மை காணவில்லை. ஒரே நோய், ஒரே மருந்து. நோயாளியின் நிலை வேறானால் பலனும் வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை நாம் வாங்கி விழுங்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கேளாமல் செய்தது

கோலாலம்பூர்ப் பரீட்சையில் ஒரு வடு உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. கொட்டகையில் வரிசையாக நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் அறிவு கலங்கியவர்கள், அடைக்கப்பட்டவர்கள், "எனக்கு அந்த அரிசி வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இல்லாதவர்கள். மாண்ட 18 பேரில் யாருக்கேனும் ஊரில் தாயோ மனைவியோ காத்திருந்திருப்பார்கள். அவர்கள் முன்பு உண்டுவந்த அரிசியே தொடர்ந்தது, புதிதாகத் தீங்கு எதுவும் செய்யவில்லை என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அது உண்மையே. ஆனாலும் இன்னொருவர் உடம்பின்மேல் நடப்பதை அவரைக் கேட்டுச் செய்யவேண்டும் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

உலகம் இதை எழுத்தில் வைக்க நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மானிய நாஜி டாக்டர்கள் சிறைப்பட்டோர்மேல் செய்த கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1947இல் மனமொப்பிய சம்மதத்தை முதல் விதியாக்கியது. 1964இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரில் ஒரு பிரகடனம் செய்தது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி இத்தகைய பரீட்சை நடத்தக்கூடாது.

நாம் கேட்கவேண்டியவை

ஆகவே ஆஸ்பத்திரியில் அழைத்தால் பயந்து ஓடவும் வேண்டாம். படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. இந்த மருந்து இதற்குமுன் மனிதருக்குக் கொடுக்கப்பட்டுள்ளதா? தெரிந்த தீங்குகள் எவை?

2. குலுக்கலில் மறுபக்கம் விழுந்தால் நமக்குக் கிடைப்பது என்ன? வழக்கமான சிகிச்சை நிற்காமல் கிடைக்குமா?

3. நடுவில் விலகலாமா? விலக எப்போதும் உரிமை உண்டு. அதற்காக உங்கள் வைத்தியம் குறைக்கப்படலாகாது.

4. செலவு யாருடையது? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

5. மாத்திரையில் சேர்ந்துள்ள பொருள்கள் எவை? நோன்பு காலத்தில் வேளைகளை எப்படி அமைப்பது?

எழுதிய தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தரச் சொல்லுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளைகளிடம் கொடுத்து முழுவதும் வாசிக்கக் கேளுங்கள். சந்தேகமிருந்தால் மறுநாள் போய் மறுபடி கேளுங்கள், இதில் வெட்கமில்லை. சேர்ந்தபின் மருந்தை ஒழுங்காக உண்ணுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். டாக்டர் மனம் நோகுமென்று "நல்ல சுகம்" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மறைத்தால் நாளை அம்மருந்தை உண்ணப்போகும் ஆயிரம் பேருக்குத் தவறான கணக்குப் போய்ச் சேரும்.

டாக்டர் இன்று நமக்கு எழுதித் தரும் மருந்துகளில் பலவற்றுக்கும் முன்னால், யாரோ முகம் தெரியாதவர்கள் தங்கள் உடம்பைத் தந்து கணக்கில் நின்றிருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்கப்படாமலே நிறுத்தப்பட்டவர்கள். நம்மைக் கேட்கிறார்கள். கேட்கும்போது விவரம் தெரிந்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுவோம்.