கடற்கரையில் பிறந்த கதை: 'எஸ்தப்பான்' திரைப்படம் பற்றி ஓர் ஆய்வு

சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அதில் நியாயமும் இல்லாமலில்லை. ஆயினும் திருச்சபை இக்கலையை ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளியதில்லை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936ஆம் ஆண்டிலேயே திரைப்படம் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். சினிமா பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் வத்திக்கான் 45 படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சூறாவளியில் அகப்பட்டு மாய நாடு சென்று சேரும் சிறுமியின் கதையான 'விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) அதில் இடம் பெற்றிருக்கிறது. ஆகவே மாயமும் புனைவும் கலந்த ஒரு படத்தை நாம் பாடமாக எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. அதுவும் நமக்கு அண்டையிலே, நம் கடற்கரையின் தொடர்ச்சியான கேரளக் கரையைக் களமாகக் கொண்ட படம் என்றால் இன்னும் நல்லது.

அந்தப் படம் 'எஸ்தப்பான்'. மலையாளத்தில் அரவிந்தன் இயக்கியது. 1979ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று கேரள அரசின் பரிசு பெற்றது. எஸ்தப்பான் என்பது வேறொன்றுமில்லை, விவிலியத்தில் நாம் படிக்கும் ஸ்தேவான் என்ற பெயர்தான் மீனவர் வாயில் அப்படி உருண்டு வருகிறது. (நம் ஊர்களில் சவேரியார் 'சவரி'யாகவும், அந்தோனியார் 'அந்தோணி'யாகவும் ஆனதைப் போல.) கத்தோலிக்க மீனவர் வாழும் ஒரு கடலோரச் சிற்றூரில் எஸ்தப்பான் என்றொருவன் இருக்கிறான். அவன் யார், எங்கிருந்து வந்தான் என்று ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கிறது. கடல்மேல் நடந்தான் என்கிறார் ஒருவர். நோயைப் போக்கினான் என்கிறார் இன்னொருவர். தானே பணம் அச்சடிக்கிறான் என்றும், எவ்வளவு குடித்தாலும் அவனுக்கு வெறி ஏறுவதில்லை என்றும் வேறு சிலர். படம் முழுவதும் இக்கதைகளின் தொகுப்பே. எஸ்தப்பான் உண்மையில் யார் என்பதற்குப் படத்தில் முடிவான விடை இல்லை.

இங்கே மாணவியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பொய் சொல்கிறார் என்று காட்ட நினைக்கும் இயக்குநர், சொல்பவரின் முகத்தைக் காட்டி நம்மைச் சிரிக்க வைத்துவிடலாம். அரவிந்தன் அப்படிச் செய்யவில்லை. சொல்பவர் கண்ணில் எப்படித் தெரிந்ததோ அப்படியே, நடந்த காரியம் போலவே காட்டுகிறார். நம்புவதும் நம்பாததும் பார்ப்பவர் பொறுப்பு. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1950இல் எடுத்த 'ராஷோமான்' படத்திலும் ஒரே நிகழ்ச்சி நான்கு விதமாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஒவ்வொருவரும் தன் மானத்தைக் காக்கச் சொல்கிறார். எஸ்தப்பானின் ஊராரோ தங்கள் ஆசையைச் சொல்கிறார்கள். பசித்தவனுக்குப் பணம் அச்சடிக்கும் மனிதன் தேவை. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கடல்மேல் நடக்கும் மனிதன் தேவை. கதையைக் கேட்டால் அதைச் சொன்னவரின் குறை தெரியும் என்பதே இப்படத்தை நான் மதிப்பதற்கு முதற்காரணம்.

அரவிந்தன் 1935இல் கோட்டயத்தில் பிறந்தவர். ரப்பர் வாரியத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'மாத்ருபூமி' வார இதழில் 'சிறிய மனிதரும் பெரிய உலகமும்' என்ற கருத்துப்படத் தொடரைப் பல ஆண்டுகள் வரைந்தவர். சினிமாக் கல்லூரியில் படித்தவரல்லர். நாடகாசிரியர் காவாலம் நாராயணப் பணிக்கர், ஐசக் தாமஸ் ஆகியோர் எஸ்தப்பானின் எழுத்தில் துணை நின்றனர். ஷாஜி என். கருண் ஒளிப்பதிவு செய்தார். எஸ்தப்பானாக நடித்த ராஜன் காக்கநாடன் ஓர் ஓவியர், நட்சத்திர நடிகரல்லர்.

பணம் எங்கிருந்து வந்தது? இதை அறிந்தால் நம் மாணவியரில் பலர் வியப்படைவர். கொல்லத்தைச் சேர்ந்த கே. ரவீந்திரநாதன் நாயர் முந்திரி ஏற்றுமதி வணிகர். 1967இல் 'ஜெனரல் பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, லாபத்தைப் பெரிதாகப் பாராமல் இத்தகைய படங்களுக்குப் பணம் போட்டார். 'காஞ்சன சீதா', 'தம்பு', 'கும்மாட்டி', 'எஸ்தப்பான்' எல்லாம் அவர் தயாரித்தவையே. 2023இல் அவர் காலமானார். அண்டியாபீசில் கை கறுக்க அண்டி உடைக்கும் தாய்மாரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! அந்தத் தொழிலில் ஈட்டிய செல்வம்தான் கேரளத்தில் இப்படங்களாகவும் ஆயிற்று. உடைத்த கைகளுக்கு அதில் என்ன பங்கு கிடைத்தது என்று ஒரு மாணவி கேட்டால், அது நியாயமான கேள்வியே.

இனி, மாயத்தைக் காட்டும் வழி பற்றிச் சிறிது. மாயக் காட்சிக்குப் பெரும் பொருள் வேண்டும் என்று எண்ணுகிறோம். பிரான்சு நாட்டின் மேலியெஸ் என்பவர் ஒரு மந்திர வித்தைக்காரர். பாரிசுத் தெருவைப் படம் பிடிக்கையில் கருவி இடையில் நின்று மீண்டும் ஓடியதாகவும், போட்டுப் பார்த்தபோது பயணிகள் வண்டி சவ வண்டியாக மாறியிருந்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பை நிறுத்து, பொருளை மாற்று, மறுபடி தொடங்கு, அவ்வளவுதான் வித்தை. அரவிந்தன் அதே ஆண்டில் எடுத்த 'கும்மாட்டி'யில் ஊர் ஊராகச் சுற்றும் மாயக்கிழவர் ஒருவர், முகமூடி அணிந்து ஆடும் சிறுவர்களை விலங்குகளாக்கிவிடுகிறார். ஒரு கணம் முகமூடி, மறுகணம் மெய்யான விலங்கு. இடையில் புகையுமில்லை, மின்னலுமில்லை. நாயாக மாறிய சிந்தன் என்ற சிறுவன் கூட்டத்தை விட்டு ஓடிப்போகிறான். மற்றவர்கள் பழைய உருவம் பெறும்போது அவன் அங்கே இல்லை. ஒரு பணக்கார வீட்டில் சங்கிலியில் கட்டுண்டு, பின் துரத்தப்பட்டு, தன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். தாய் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். அடுத்த ஆண்டு கும்மாட்டி மீண்டும் வரும்வரை அவன் நாயாகவே இருக்கிறான். மனித உருவம் திரும்பியதும், கூண்டில் வளர்த்த கிளியைத் திறந்துவிடுகிறான். செலவு வைக்காத இக்காட்சிகளைப் பார்த்துக் குழந்தைகள் மட்டுமா கண்ணீர் விடுவர்?

கதை சொல்லும் முறையில் நமக்கும் சொந்தச் சொத்து உண்டு. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் தலைமைப் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, உடனிருப்போர் 'ஆமா' என்று ஏற்றுச் சொல்வர். அந்த 'ஆமா' வெறும் தாளமன்று. கேட்பவர் சம்மதித்தால்தான் கதை அடுத்த அடி வைக்கும். வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது 'உம்' கொட்டாவிட்டால் அவர் நிறுத்திவிடுவதும் அதனால்தான். கேரளக் கடலோரக் கிறிஸ்தவர் ஆடும் சவிட்டு நாடகமும் இவ்வகையே. பலகை அதிர மிதித்து ஆடும் அந்நாடகத்தின் பழைய பாடல்களில் தமிழ் நிறையக் கலந்திருக்கிறது. அதை வகுத்தவராகச் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரின் பெயர் சொல்லப்படுகிறது. திரையரங்கில் 'ஆமா' சொல்ல ஆளில்லை. ஆகவே அரவிந்தன் ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் நடுவே கடலையும் கரையையும் மௌனமாக நிறுத்துகிறார். 'உம்' கொட்டுவதற்கு நமக்கு விட்ட இடம் அது என்று நான் கொள்கிறேன். சிலருக்கு இந்த மெதுவான போக்கு சலிப்பூட்டும். பொறுமை வேண்டும் என்பதை மறைப்பதற்கில்லை.

கிறிஸ்துவின் சாயலை ஒரு மீனவன்மேல் ஏற்றிச் சொல்வது விசுவாசத்துக்கு இழுக்காகாதா என்று சில பெற்றோர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இயேசு நாதரே உவமைகளால் போதித்தார். நல்ல சமாரியனின் முகவரியை எவரும் தேடுவதில்லை. ஆனால் கதையும் சாட்சியமும் ஒன்றல்ல. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயத்தை எடுத்துக்கொள்வோம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றதும், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதும் வரலாறு. தாகத்தால் வாடியபோது முழங்கையால் பாறையை இடித்தார், நீர் சுரந்தது என்பது புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறையில் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கும் முன் திருச்சபை ஏடுகளை ஆராய்ந்தது. அவர் வேண்டுதலால் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட புதுமையை மருத்துவர் கருத்துக் கேட்டுச் சோதித்தது. மக்களின் கதையையும் அது பழிக்கவில்லை. இந்த இரு கண்களும் உள்ளவர் 'எஸ்தப்பான்' பார்த்து இடறமாட்டார்.

பாட்டி போனால் கதை போகும், படமோ நிலைக்கும் என்று நினைப்போம். அதுவும் சரியன்று. 'கும்மாட்டி'யின் மூலச் சுருள் இன்று இல்லை. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு பிரதியை வைத்துத்தான், இந்தியாவின் பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனும் அமெரிக்க, இத்தாலிய நிறுவனங்களும் சேர்ந்து 2021இல் அதைப் புதுப்பித்தன. புல்லின் பச்சை நிறத்தைக்கூட மீட்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு படத்துக்கு இந்த நிலை!

பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மாணவியர் விடுமுறையில் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். வீட்டுக் கைப்பேசி ஒன்று போதும். நீங்கள் அறிந்த ஒரே கதையை மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் வீட்டுப் பெரியவராக இருக்கட்டும். ஒருவர் தொடுவெட்டிச் சந்தைக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ மீன் கொண்டுவரும் தாயாராக இருக்கட்டும். மூன்றாமவர் உங்கள் விருப்பம். அனுமதி கேட்டபின்பே படம் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே ஒளி விழும்படி உட்காரவையுங்கள். இடையில் திருத்தாதீர்கள், மலையாளம் கலந்து பேசினால் அப்படியே விடுங்கள். 1956 வரை நாம் திருவிதாங்கூராக இருந்தவர்கள், நம் பேச்சு அப்படித்தான் இருக்கும். மூவரும் எங்கெங்கே வேறுபடுகிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள். யாரிடம் கேட்டீர்கள், அவர் யாரிடம் கேட்டார் என்பதை முதல் வரியில் எழுதிவிட்டு, பள்ளி திறந்ததும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.