54 வயதில் போட்டி நீச்சல்

அன்புள்ள சகோதரிக்கு,

டென்மார்க்கிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. 54 வயதாகிறது, பயிற்சியில் குறை வைக்கவில்லை, நேரம் மட்டும் ஆண்டுக்காண்டு கூடுகிறது, போட்டியை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

நீங்கள் வாழும் நாட்டிலேயே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ராக்ன்ஹில்ட் ஹ்வேகர் 15 வயதில், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 1940இல் அவர் படைத்த 5 நிமிடம் 0.1 விநாடி என்ற உலக சாதனை 1956 வரை நின்றது. போர் வந்தது, ஒலிம்பிக் நின்றது, அவரும் ஒதுங்கினார். 31 வயதில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்து ஐந்தாவதாக முடித்தார். தங்கம் வென்றவரின் நேரமே 5:12.1. பழைய ஹ்வேகரை அன்று ஒருவராலும் நெருங்க முடியவில்லை, ஹ்வேகராலும் முடியவில்லை. வயதை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடையில் விட்டுப்போன வருடங்களுக்கும் அதில் பங்குண்டு.

இன்னொருவர் கிரேத்தா ஆண்டர்சன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றபோது வயது 21. பிறகு நெடுந்தூரத்துக்கு மாறினார். 1957இல், 30 வயதில், ஆங்கிலக் கால்வாய்ப் போட்டியில் ஆண்களையும் முந்திக் கரையேறினார். மறு ஆண்டும் அவரே முதலிடம். அந்த ஆண்டு ஆண்களில் முதலாவதாக வந்தவர் வங்காளத்து புரோஜன் தாஸ்.

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது, வேகத்துக்கான தசை இழைகள் மெலிகின்றன, தோள் இறுகுகிறது. இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஓட்டத்தைவிட நீச்சலில் நுட்பத்துக்கு இடம் அதிகம். 200 மீட்டர் நீந்தும்போது முதல் 25 மீட்டருக்கும் கடைசி 25 மீட்டருக்கும் எத்தனை கைவீச்சு என்று எண்ணிப் பாருங்கள். கடைசியில் நாலைந்து கூடியிருந்தால், களைப்பில் முழங்கை தாழ்ந்து, உள்ளங்கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று பொருள். அந்த இழப்பில் பெரும்பகுதியைத் திருத்திவிடலாம். வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்யுங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் உடம்பு ஓய்வு கேட்டால் கொடுங்கள். இருபது வயதில் ஓரிரவில் தீர்ந்த களைப்பு இப்போது அப்படித் தீராது.

மாஸ்டர்ஸ் போட்டிகளில் ஐந்தைந்து வயதாகப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் 55–59 பிரிவில் நீங்கள்தான் இளையவர்களில் ஒருவர். பெயரைக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.