கிராபீன் பேட்டரி: கிராம் கணக்கும் மெய்க் கணக்கும்

நம்பிக்கை: கிராபீன் சேர்த்தாலே மின்சாரம் மலைபோல் சேரும்.

உண்மை: ஒரு கிராம் கிராபீனின் பரப்பு, ஏட்டுக் கணக்கில் 2,630 சதுர மீட்டர். ஆனால் ஓரணுத் தடிமனுள்ள அந்தக் கரித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கானால் பரப்பில் பெரும்பகுதி பயன்படாமல் போகும். இடையில் மாங்கனீஸ் டை ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடுத் துகள்களை வைப்பது அதைத் தடுக்கத்தான். மின்னூட்டத்தின் பெரும்பங்கைச் சேமிப்பதும் அந்த ஆக்சைடுதான். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அந்தக் குறையைக் கிராபீன் தீர்க்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று அரைகுறை.

நம்பிக்கை: ஆக்சைடோடு கரியைச் சேர்ப்பது இதுவரை யாரும் எண்ணாத வழி.

உண்மை: பழைய டார்ச் செல்லுக்குள் இருந்த கறுப்புத் தூள், மாங்கனீஸ் டை ஆக்சைடும் கரித்தூளும் கலந்ததே. பிரான்சின் ஜார்ஜ் லெக்லான்சே 1866இல் உருவாக்கிய மின்கலத்தின் வழிவந்தது அது. இன்று துகளின் அளவும் கரியின் வடிவமும் மாறியிருக்கின்றன.

நம்பிக்கை: ஆய்வகத்தில் கிராமுக்கு 1,000 ஃபாரட் மின்தேக்குத் திறன் வந்தால் கடைப் பொருளிலும் அதுவே வரும்.

உண்மை: வராது. பரவலாகப் பரப்பப்படும் தவறான எண்ணம் இது. மாங்கனீஸ் டை ஆக்சைடின் கோட்பாட்டு உச்சம் கிராமுக்குச் சுமார் 1,370 ஃபாரட். மிக மெல்லிய பூச்சில் அளந்தால்தான் அதை நெருங்க முடியும். பூச்சு தடிமனாக ஆக, உள்ளிருக்கும் ஆக்சைடை அயனிகள் எட்டுவது கடினமாகிறது. இத்தகைய மின்முனைகள் பயன்படும் மீமின்தேக்கிகளில் (சூப்பர்கெபாசிட்டர்), விற்பனைக்கு வருபவற்றிலோ மின்முனைப் பூச்சு 100 முதல் 200 மைக்ரான் தடிமன். போதாததற்கு உலோகத் தகடு, மின்பகுளி, பிரிப்பான், உறை ஆகியவற்றின் எடையும் சேர்கிறது. மின்னூட்டம் தாங்கும் பொருள் மொத்த எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் என்று ஆய்வாளர்கள் யூரி கோகோட்சியும் பாட்ரிஸ் சிமோனும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எடுத்துக்காட்டினார்கள். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் கிராம் கணக்கை மட்டும் தலைப்பில் போடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

நம்பிக்கை: கிராபீன் என்று விற்பதெல்லாம் கிராபீன்.

உண்மை: 60 நிறுவனங்களின் மாதிரிகளைச் சோதித்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2018இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் கிராபீன் 10 சதவீதம்கூட இல்லை. மீதி பெரிதும் நுண்ணிய கிராஃபைட் சில்லுகள்.

கிராபீனும் உலோக ஆக்சைடும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் பற்றிய ஆய்வு பெறுமதியானது. நல்ல மின்முனைகள் அதிலிருந்து வரும். ஆனால் கிராபீன் பேட்டரி என்று யாராவது விற்க வந்தால், உறையோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்-மணி, எத்தனை முறை சார்ஜ் செய்யலாம் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.